ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஏதோ விவரமானவன் எழுதுகிறான் என்று நம்பிவிடுவீர்கள். என் மகள் யாழினி ஓராண்டாக இருமினாள். பள்ளி நாட்களில் இருமல்; ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அதை வைத்து நான் கண்டுபிடித்த நோய்: பள்ளிக்கூடம் போகச் சோம்பல். மருந்து: அதட்டல், தினம் இரண்டு வேளை.

நான் பள்ளி வண்டி ஓட்டுநர். வேலந்தாவளத்தில் கிளம்பி, வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சித்தூர் டவுனில் இறக்குவேன். யாழினி அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் அவள்தான். 'டிரைவர் தன் மகளை முன்சீட்டில் வைத்துக் கொஞ்சுகிறான்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரிக்கும். அந்த வரிசைக்குப் பின்னால் இருந்த அவசரக் கதவின் ரப்பர் கிழிந்திருந்தது. அதற்கு நேர் கீழே புகைக்குழாய்.

வண்டியின் பேட்டரி வேறு கிழடு. எஞ்சினை அணைத்தால், ஆள் சேர்த்துத் தள்ளினால்தான் மறுபடி கிளம்பும். அதனால் எந்த நிறுத்தத்திலும் அணைப்பதில்லை. பள்ளிச் சந்தில் ஐந்து வண்டிகள் வரிசையாக நின்று உறுமும். ஓட்டுநர்கள் நாங்கள் தள்ளிப்போய், காற்றோட்டமான இடமாகப் பார்த்து டீ குடிப்போம்.

ஒரு மாலை எல்லாப் பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். யாழினி மட்டும் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"நடிச்சது போதும், எறங்கு கண்ணு" என்றேன்.

என் வாழ்நாளில் எத்தனையோ உளறியிருக்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுவது இந்த ஒன்றைத்தான். அவளால் பதில் பேச முடியவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே உள்ளே செலுத்தும் கருவி) வைத்தார்கள். மெல்ல மெல்ல அவள் தோள்கள் அடங்கின. டாக்டர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். நிதானமான அம்மா.

"எப்பெல்லாம் இருமல் வர்றது?"

"பள்ளிக்கூடம் போற நாள்லீங்க. ஞாயித்துக்கெழமை வர்றதில்லீங்க. அதனால நான் சோம்பல்னு..."

"எதுல போறா? எங்க உக்காருவா?"

எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்போ இருமலுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியலை."

பக்கத்தில் நின்ற என் மனைவி செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னும் மருந்து வரவில்லை.

நோயின் பெயர் ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கி, காற்றுக்கு வழி குறைவது). புகைதான் காரணமா என்று கேட்டேன். நோய்க்குக் காரணங்கள் பல. ஆனால் இவளுக்கு அதைக் கிளப்பிவிடுவது புகை என்றார் டாக்டர். இன்ஹேலரைக் கையில் கொடுத்தபோது நான் தயங்கினேன்.

"இது பழகிப்போயிருமுங்களே, டாக்டர்?"

"புகையைப் பழக்கினேளே, அப்போ பயமில்லையோ?"

உங்கள் பிள்ளைக்கும் டாக்டர் இதைக் கொடுத்தால் என்னைப் போல் விவாதம் செய்யாதீர்கள். சொன்னபடி கொடுங்கள்.

யாழினியை முன்சீட்டுக்கு மாற்றினேன். கதவு ரப்பரை மாற்றினேன். எஞ்சினை அணைத்தேன், தினமும் நாலு அப்பாக்கள் தள்ளினார்கள். ஆனால் சந்தில் மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டுதான் இருந்தன. டாக்டர் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் குழாய்) கொடுத்திருந்தார். யாழினி காலையும் மாலையும் ஊதி, நோட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். விடுமுறை நாளில் கோடு மலை உச்சியில் நடக்கும். பள்ளி நாளில், இரு மலைக்கு நடுவே பாலக்காட்டுக் கணவாய் விழுந்ததுபோல் இறங்கிவிடும்.

நோட்டைப் பார்த்த டாக்டர், "வண்டியை மாத்துங்கோ, இல்லாட்டா பள்ளிக்கூடத்தை மாத்துங்கோ" என்றார். பள்ளிக்கூடத்தை மாற்றக் கூடாது என்று வீட்டுக்கு வரும்வரை யாழினி அடம் பிடித்தாள். அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் அங்கேதான்.

பள்ளி நிர்வாகத்திடம் ஒரு திட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மின்சார வண்டிகள். அரசு உதவி ஒரு பங்கு வரும். மிச்சத்தைப் பள்ளியும் பெற்றோரும் போட வேண்டும். பெற்றோர் ஒத்துக்கொள்ளாததால் விண்ணப்பமே போகவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். மின்சார வண்டிப் பேச்சை எடுத்தேன்.

இரும்புக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் எழுந்தார். அவருடைய மகனும் என் வண்டிதான்.

"ஏனுங்க டிரைவரே, நடுரோட்டுல சார்ஜ் தீந்துபோச்சுன்னா யாருங்க தள்றது?"

"இப்ப யாருங்க பாய் தள்றாங்க?" என்றேன்.

தினமும் தள்ளும் நாலு பேரில் அவரும் ஒருவர். கூட்டம் சிரித்து அடங்க நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். பக்கம் புரளப் புரளச் சிரிப்பு நின்றது. ஒரு தாய், "எங்க ஊட்டுப் பையனும் இப்படித்தானுங்க இருமுறான், நாங்க ஐஸ் தின்னுதான்னு நெனச்சோம்" என்றார். பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. ராவுத்தர் நோட்டை மூடி, "முத பங்கு என்னோடது, எழுதிக்கங்க" என்றார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

விண்ணப்பம் போய், இரண்டு வண்டிகளும் வந்துவிட்டன, ஒன்று எனக்கு! முதல் நாள் காலை சாவியைத் திருகினேன். சத்தமில்லை. மறுபடி திருகினேன். சத்தமில்லை. 'இதுவும் தள்ளுவண்டிதானா' என்று இறங்கி, தள்ள ஆள் தேடினேன்.

"ஏனுங்க, பச்ச வெளக்கு எரியுது. அது கெளம்பி நிக்குதுங்க. ஏறுங்க" என்றாள் செல்வி.

இப்போது சந்தில், பெற்றோர் சொல்லிவிட்டதால், மற்ற மூன்று வண்டிகளும் எஞ்சினை அணைத்துத்தான் நிற்கின்றன. யாழினி தினமும் காலையில் எடுக்கும் இன்ஹேலரை விடவில்லை, விடவும் கூடாது. ஆனால் மூச்சுத் திணறும்போது அவசரத்துக்கு அடிக்கும் இன்னொரு இன்ஹேலர் பையிலேயே கிடக்கிறது. நோட்டில் கணவாய் மேடாகிக்கொண்டு வருகிறது. போன வாரம் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

எனக்குத்தான் உடம்பு மாறிவிட்டது. இத்தனை வருடம் எஞ்சின் இரைச்சலில், என் மூச்சையே நான் கேட்டதில்லை. இப்போது வண்டிக்குள் எல்லாம் கேட்கிறது: டிபன் டப்பா உருளுவது, ஒரு பிள்ளையின் கொட்டாவி, எனக்குப் பின்னால் என் மகள் மூச்சை இழுத்து விடுவது. முன்பு நிறுத்தங்களை வைத்து நேரம் கணக்கிடுவேன். இப்போது அவளுடைய இரண்டு மூச்சுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் என் கடிகாரம். அது சற்று நீண்டாலும் தலை திரும்பிவிடுகிறது.

"கண்ணு, மூச்சு எப்படி இருக்குது?" என்று கொழிஞ்சாம்பாறையில் கேட்டேன். அடுத்த வளைவில் கேட்டேன். அதற்கடுத்த வளைவிலும் திரும்பிக் கேட்டேன்.

"ரோட்டப் பாருங்கப்பா."