மேஜரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள்

லோகநாயகிக்கு நாய் என்றாலே ஆகாது. தெருவில் ஒன்று படுத்திருந்தால் அது உண்மையிலேயே தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுவாள். அப்படிப்பட்டவளின் வீட்டு வாசலில், 2008 மார்கழியில், கம்பெனி வேனிலிருந்து ஒரு நாயை இறக்கினான் அவள் புருஷன் சுப்புராயன். உடம்பு செம்மண் நிறம், முகம் மட்டும் கரி. கோம்பை சாதியோடு வேறு எதுவோ கலந்த பிறவி. பெயர் மேஜர்.

சுப்புராயனுக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் வேனில் போய்வருவான். அந்தத் தொழிற்சாலையில் காவலுக்கு வைத்திருந்த நாய்களில் ஒன்றுதான் மேஜர். மனிதர்களிடம் குழந்தை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் இன்னொரு நாயைக் கண்டால் போதும், வெறி பிடித்துவிடும். கூட இருந்த காவல் நாய்களையே கடித்துக் குதறிவிட்டது. செக்யூரிட்டிக்காரர்கள் அதை ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதும் சுப்புராயனுக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்ச நாளு இருக்கட்டும் லோகா. யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்."

"நீங்க நைட் ஷிப்டு போயிட்டா இத யாருங்க பாக்கறது?"

"பாக்கறதுக்கு என்னா இருக்கு? சாயந்தரம் ஒரு நட வெளிய கூட்டிட்டுப் போனா போதும்."

அந்த ஒரு நடை ஒரே வாரத்தில் அவள் தலையில் வந்து விழுந்தது. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. பகல் முழுக்க நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு வீடு திரும்பினால், மேஜர் சங்கிலியை வாயில் கவ்விக்கொண்டு கதவருகே நிற்கும். மகள் புதுச்சேரியில் ஹாஸ்டலில். வீட்டில் வேறு ஆள் கிடையாது. முதல் நாள் சங்கிலியின் நுனியைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

அந்தத் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் நாய் இருந்தது. எதையும் கட்டி வைப்பதில்லை. கேட்டைத் திறந்து போட்டிருப்பார்கள், அது பாட்டுக்கு வெளியே வரும், போகும். லோகநாயகி தூரத்திலிருந்தே, "நாயப் புடிங்க, நாயப் புடிங்க" என்று குரல் கொடுப்பாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "நம்ம நாய் ஒண்ணும் பண்ணாதும்மா, நீ தைரியமா வா." பண்ணப்போவது தன் கையில் இருக்கும் நாய்தான் என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு அது ஏறவில்லை. அவள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜரின் காது முன்னால் மடங்கினால், முதுகு மயிர் சிலிர்த்தால், அடுத்த நொடி சங்கிலியை இழுத்துக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். எந்த வீட்டுக் கேட்டின் கொக்கி லூசு, எந்த முக்கில் எந்த நாய் படுத்திருக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒரு நாள் அரிசி மில்லுக்குப் பின்னால் சுற்றிப் போவாள். அங்கே ஒரு புது நாய் முளைத்திருந்தால் மறுநாள் வாய்க்கால் கரை. அங்கேயும் சரிப்படாவிட்டால் சுடுகாட்டு ரோடு. கடையில் வேலை செய்யும்போது வெளியே யாராவது சைக்கிள் செயினைக் குலுக்கினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பையனின் ப்ராஜெக்ட் முழுவதையும் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான்கு வீடு தள்ளி கண்ணாயிரம் இருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் மனைவி ஞானாம்பாளுக்கும் பஞ்சு என்று ஒரு வெள்ளை பொமரேனியன். பையன்கள் இருவரும் வெளிநாட்டில் இருந்ததால், அந்த வீட்டில் செல்லம் என்பதெல்லாம் பஞ்சுவுக்குத்தான். தெருவில் யார் போனாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து காலைச் சுற்றும். லோகநாயகி ஒரு நாள் நேராகவே போய்க் கேட்டுவிட்டாள்.

"மாமா, சாயந்தரம் நான் மேஜர கூட்டிட்டு வர்ற நேரத்துக்கு மட்டும் பஞ்ச உள்ள வச்சிக்கிங்களேன்."

"ஏம்மா, பஞ்சு யாரையாச்சும் கடிச்சிதா?"

"அது கடிக்காது மாமா. மேஜர்தான் கடிக்கும்."

"அப்போ அததான கட்டிப் போடணும்?"

"கட்டித்தான மாமா கூட்டிட்டு வரேன்."

கண்ணாயிரம் சிரித்தார். "நீ ஜாஸ்தி பயப்படுற. ரெண்டும் ஒரு தபா மோந்து பாத்துகிட்டா பழகிடும், போ."

பொங்கல் கழிந்து சில நாட்கள் ஆகியிருக்கும். கேஸ் சிலிண்டர்காரருக்காக ஞானாம்பாள் கேட்டைத் திறந்தாள். லோகநாயகி அப்போதுதான் அந்த வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளையாக ஒன்று உருண்டு வருவதைப் பார்த்ததும், "அத்த, புடிங்க! பஞ்சப் புடிங்க!" என்று கத்தினாள்.

"அது ஒண்ணும் பண்ணாதுடி…"

ஞானாம்பாள் சொல்லி முடிக்கவில்லை. மேஜர் குரைக்கவே இல்லை. ஒரே பாய்ச்சல். பஞ்சுவின் தோள்பட்டை அதன் வாய்க்குள் இருந்தது. லோகநாயகி சங்கிலியை இழுக்க இழுக்க, பிடி இறுகியதே தவிர விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின்னங்காலைத் தூக்கினால் விடும் என்று சுப்புராயன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. நாயைத் தொடவே கூசுகிறவள், அதன் மேல் ஏறி உட்காராத குறையாக இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். வாய் விட்டது. பஞ்சுவின் வெள்ளை மயிரெல்லாம் ரத்தம். ஞானாம்பாள் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

லோகநாயகி மேஜரை இழுத்துக்கொண்டு ஓடி, வீட்டில் கட்டிவிட்டு, கையில் கிடைத்த பழைய புடவையோடு திரும்பி வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்ததும் அவள்தான். கண்ணாயிரமும் ஞானாம்பாளும் பஞ்சுவை அந்தப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். பஞ்சு பிழைத்துக்கொண்டது. ஆனால் முன்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

தெருவே திரண்டு வந்தது. "இது நாயில்ல, கொலகாரன். இங்க இருக்கக் கூடாது" என்றார் கண்ணாயிரம். சங்கிலியில் கட்டியிருந்தது யார் நாய், அவிழ்த்து விட்டிருந்தது யார் நாய் என்று கேட்க லோகநாயகிக்கு நாக்கு எழும்பவில்லை. அந்த மூன்று கால் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. "எங்கனா கொண்டு போயி உட்டுடுங்க" என்று சுப்புராயனிடம் அவளே சொன்னாள். கடலோரத்தில், கிள்ளைக்குப் பக்கத்தில், அவனுக்குத் தெரிந்தவர் ஒருவரின் இறால் பண்ணை இருந்தது. வேறு நாயே இல்லாத இடம் என்று சொல்லி மேஜரை அங்கே கொண்டுபோய் விட்டுவந்தான்.

இனி நிம்மதி என்றுதான் நினைத்தாள். ஆனால் பொழுது சாயும்போது கால் வீட்டில் தங்கவில்லை. டிவியைப் போடுவாள், அணைப்பாள். வாசலுக்கு வருவாள், உள்ளே போவாள். பிறகு சும்மாவே கிளம்பி, அதே அரிசி மில், அதே வாய்க்கால் என்று வெறுங்கையோடு சுற்றினாள். தெரு நாய்கள் வந்து காலை மோந்து பார்த்தன. தான் பயந்து விலகவில்லை என்பதையே இரண்டு தெரு தாண்டித்தான் கவனித்தாள்.

"அது எப்டிங்க இருக்குதாம்?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்குதாம்" என்பான் சுப்புராயன். அவன் அந்தப் பக்கமே போகவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கிள்ளைக்குப் பஸ் ஏறினாள். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பையில் ஒரு தோல் வாய்ப்பூட்டு இருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்பு தைப்பவரிடம், மேஜரின் மூஞ்சியைக் கையால் அளந்து காட்டி, முன்தினமே தைத்து வாங்கியிருந்தாள்.

பண்ணையில் டீசல் பம்பு ஷெட்டுக்கு வெளியே, வெயிலில், ஒரு முழச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது மேஜர். கழுத்துப்பட்டை உராய்ந்து சுற்றிலும் புண். அவளைக் கண்டு குரைக்கவில்லை, குதிக்கவில்லை. எழுந்து வந்து அவள் வயிற்றில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டது.

"அவுத்து உட முடியலக்கா" என்றார் காவல்காரர் அன்புமணி. "ஆத்துப் பக்கம் மீன் புடிக்க வர்றவங்க பின்னாடி நாயும் வருது. இது பாஞ்சிடுது."

"நான் கூட்டிட்டுப் போறன்."

"எதுலக்கா? பஸ்ஸுல ஏத்த மாட்டானே."

"நடந்துதான்."

அன்புமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சிதம்பரத்துக்கா? ரோட்டு மேல போனா ஊருக்கு ஊரு நாய்ங்க கெடக்கு. ரயில் ரோட்டப் புடிச்சிப் போங்க. அகலப்பாத போடறாங்கன்னு ரயிலே ஓடறதில்ல."

வாய்ப்பூட்டை மாட்டிக்கொண்டு அவள் தண்டவாள மேட்டில் ஏறினாள். இருபுறமும் வயல், இடையிடையே கருவேலம். ஜல்லிக்கல் செருப்பைத் தாண்டிக் குத்தியது. வெயில் மண்டையைப் பிளந்தது. மேஜர் சங்கிலியை இழுக்கவே இல்லை, பக்கத்திலேயே நடந்தது. அது அப்படி நடப்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. வழி நெடுக ஏதாவது அசைந்தால் நின்றாள். ஒரு இடத்தில் ஆடு, ஒரு இடத்தில் காற்றில் ஆடிய சாக்கு.

பாதி தூரத்தில் பாதை போடும் கூலிக்காரர்களின் கூடாரங்கள் தெரிந்தன. அங்கிருந்து மூன்று நாய்கள் மேடேறி ஓடிவந்தன. மேஜர் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. வாய் பூட்டிக் கிடந்தது. மூக்கால் முட்டியது, முட்டி விழுந்தது. மூன்றும் சுற்றிக்கொண்டன. கடிக்க வழியில்லாத நாயைத் தான்தான் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை இரண்டு காலுக்கும் நடுவில் இழுத்துவைத்துக்கொண்டு, ஜல்லியை அள்ளி அள்ளி வீசினாள். ஒன்றுகூடக் குறியில் படவில்லை. "போ! போங்கடா!" என்று அவள் தொண்டையிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிது. ஒரு நாய் பின்னால் வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வியது.

கூடாரத்திலிருந்து ஒரு பெண் கரண்டியோடு ஓடிவந்தாள். புரியாத ஒரு பாஷையில் நாய்களை வைது விரட்டினாள். லோகநாயகியை உட்காரவைத்து, குடத்துத் தண்ணீரால் காலைக் கழுவிவிட்டாள். சிமெண்டு அள்ளும் சட்டியில் மேஜருக்குத் தண்ணீர் ஊற்றினாள். வாய்ப்பூட்டைக் கழற்றியதும் அது குடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அதன் தலையைத் தடவியபடி என்னவோ கேட்டாள். "மேஜர்" என்றாள் லோகநாயகி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில், வீங்கிய காலோடு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது கண்ணாயிரம் கேட்டருகே நின்றிருந்தார். உள்ளே பஞ்சு மூன்று காலில் எம்பிக் குரைத்தது.

"திரும்பக் கொண்டாந்துட்டியா?"

"ஆமாம் மாமா. வாய்ப்பூட்டு இல்லாம இது வாசல் தாண்டாது. சங்கிலிய நான் உடமாட்டேன். ஆனா கேட்ட நீங்கதான் தாப்பா போடணும். நான் மட்டும் ஜாக்கிரதையா இருந்தா ஆவல மாமா. இருந்து பாத்துட்டேன்."

"எங்க பஞ்சு கால எடுத்துட்டு எங்களுக்கே ரூல்ஸ் சொல்றியா?"

"சொல்றன் மாமா" என்றாள். காலிலிருந்து ரத்தம் செருப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி. "உனக்கு என்னா பைத்தியமா?" என்று சுப்புராயன் கத்தினான். ஆனால் மேஜரின் கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டது அவன்தான். கண்ணாயிரம் வெகுநாள் வரை அவளோடு பேசவில்லை. கேட் மட்டும் சாயங்காலமானால் சாத்தியிருந்தது. மற்ற வீடுகளில் பாதிப் பேர் சாத்தினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். சாத்தாத வீட்டு வாசலில் நின்று அவள் சண்டை போட்டாள். சண்டைக்காரி என்று பெயர் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தாள்.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது, கண்ணாயிரம் வீட்டு வேப்பமரம் மதில்மேல் விழுந்து, மதிலும் கேட்டும் சேர்ந்து சாய்ந்தன. தெருவெல்லாம் கிளைகள், கரண்டு கம்பிகள். எல்லா வீட்டு நாய்களும் வெளியே. சில நாட்கள் மேஜரைக் கொல்லையிலேயே நடத்தினாள். அது சுவரைச் சுவரைப் பிராண்டியது. பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் வாய்ப்பூட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மதில் இருந்த இடத்தில் கண்ணாயிரம் நின்றிருந்தார். இடுப்பில் பஞ்சு, குழந்தையைப்போல. ஒரு கையால் அதன் கண்ணைப் பொத்தியிருந்தார்.

"போ, போ, நின்னு பாக்காத. அந்த முக்குல செவல நாய் ஒண்ணு வந்து கெடக்கு, பாத்துப் போ" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"சரிங்க மாமா."

மேஜரின் காது முன்னால் மடங்கியது. லோகநாயகி சங்கிலியை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, முக்கை எட்டிப் பார்த்தபடி நடந்தாள்.