அம்மா வந்த ஆயுத பூஜை

எங்கள் ஆய்வகத்தில் ஸ்கேன் இயந்திரத்துக்கும் ஆயுத பூஜை உண்டு. மாவிலைத் தோரணம், சாமந்தி மாலை, உடைக்கப் பூசணிக்காய், பார்க்க வரும் வீட்டு ஆட்கள் என்று அன்றைக்கு அது ஆய்வகம் மாதிரியே இருக்காது. "எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்கன்ற. நாங்க வந்தா மட்டும் என்னடி?" என்று அந்த வருஷம் அம்மா கேட்டாள். நல்ல சாக்கு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

தம்பிக்கு மீசை தடித்திருந்தது. பேச்சு மட்டும் நாலு வயதோடு நின்றுவிட்டது. உற்சாகம் வந்தால் கையை உதறுவான், கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்வான். அவன் வாசலில் நின்று கையை உதறியதுமே எனக்கு உடம்பு கூசியது. சொந்தத் தம்பியைப் பார்த்தா கூசுகிறாய், சீ, என்று அதற்கும் ஒரு கூச்சம். அவனுக்கு இருக்கும் அதே பரம்பரைக் குறைபாட்டோடு பிறக்கும்படி வளர்த்த எலிகளின் மூளையைத்தான் நான் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவனைப் பற்றி அங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அம்மாவிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. "எல்லாம் இவ வயித்துக் கோளாறு" என்று அத்தை, அப்பாவின் அக்கா, வீட்டுக்கு வரும்போதெல்லாம் குத்துவாள். "மாசமா இருந்தப்ப ஜுரத்துக்குப் போட்ட ஊசிதான் என் புள்ளையக் கெடுத்துச்சு" என்று அம்மா மல்லுக்கட்டுவாள். தம்பியின் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது அம்மா வழியாக வருவது என்று விளக்கினார். நான் வீட்டில் "பொறவியிலேயே வந்ததாம்" என்று மட்டும் சொல்லி மழுப்பிவிட்டேன். அவளுக்கென்று இருந்தது அந்த ஊசி ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அறைக்குள் இருப்பது பெரிய காந்தம். அதனால் கதவருகிலேயே சாவி, சில்லறை, மொபைல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டோம். தாலியோடு அம்மா கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை யார் நினைத்தார்கள்? இயந்திரத்துக்குக் குங்குமம் வைக்கக் குனிந்தாள். தாலிச் சரடு மார்பை விட்டு எழும்பி, இயந்திரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. "ஐயையோ!" என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தம்பி கையை உதறிக்கொண்டு "ஐயையோ, ஐயையோ" என்று ஆரம்பித்துவிட்டான். மானம் போயிற்று என்று நான் பொரி கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப்பக்கம் நகர்ந்தேன்.

ஸ்கேன் ஆபரேட்டர் கன்னடக்காரர், தங்கமான மனுஷர். அம்மாவை வெளியே கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பயம் தெளியட்டும் என்று படங்களைக் காட்ட ஆரம்பித்தார்.

"இல்லி நோடிம்மா, இங்க பாருங்க, இது புத்தி கம்மியா பொறக்கற எலி. இதோட அம்மா எலி நல்லாத்தான் இருக்கும், பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா அதுலருந்துதான் ஆம்பளக் குட்டிக்கு வருது."

"சார், போதும் சார்" என்று ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தேன்.

"யாக்கம்மா, ஏன்? அவங்க ஆசையாக் கேக்கறாங்க" என்றார், பாவம்.

அம்மா படத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகம் போன போக்கே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தம்பியை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்டருந்து அவனுக்கு வந்துச்சுன்னா, உனக்கும் வந்திருக்கும் இல்ல?"

"வந்திருக்கலாம்."

"டெஸ்ட் எடுத்துப் பாத்தியா?"

ஒவ்வொரு எலிக்குட்டியின் வால் நுனியையும் நறுக்கி, எதற்கு அந்தக் குறைபாடு இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

"இல்லம்மா. பயமா இருந்துச்சு."

"என்ன பயம்? இவன மாதிரி ஒண்ணு பொறந்துடும்னா?"

தம்பி என் பக்கம் திரும்பிப் பார்த்து, "பொறந்துடும்னா? பொறந்துடும்னா?" என்றான். அவனுக்கு எதிரில் ஆமாம் என்று எப்படிச் சொல்வது?