உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

தையல் தொழிலில் நல்லதெல்லாம் வெளியே தெரியவேண்டும், தில்லுமுல்லெல்லாம் உள்ளே கிடக்கவேண்டும். ஊசி பிடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. இலங்கைக்குத் திரும்பிப்போய் மூன்று வருடம் இருந்துவிட்டு மறுபடி மெல்பேர்னில் நோபல் பார்க் பகுதிக்கு வந்த எனக்கு, சேலை பிளவுஸ் தைப்பதுதான் பிழைப்பு. அந்தத் துணிச்சலில் ஒரு மாப்பிள்ளைச் சட்டைக்குத் தலையாட்டிவிட்டேன்.

அன்னாசித் துணி

பக்கத்து வீட்டு மாரிசெல் பிலிப்பீன்ஸ்காரி. மகன் ஜோயலின் கலியாணத்துக்குப் பரோங் தைக்கவேண்டும் என்று வந்தார். அது அவர்களுடைய விசேஷச் சட்டை. காற்சட்டைக்கு வெளியே தொங்கும், உள்ளே போட்ட வெள்ளை பெனியன் அப்படியே தெரியும். அன்னாசி இலை நாரில் நெய்த அந்தத் துணி அவர்களுடைய ஊரிலிருந்து ஒரேயொரு துண்டுதான் வந்திருந்தது. வெட்டுப் பிழைத்துப்போனால் மெல்பேர்னில் வேறு கிடையாது. பிளவுஸ் தைத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றேன்.

என் கணவர் துணியைத் தடவிப் பார்த்தார். “அன்னாசியையும் தைக்க வெளிக்கிட்டிட்டீர். அடுத்தது பலாப்பழமோ?”

மூக்கும் துணியும்

ஓரத்துத் துண்டொன்றை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். சுருட்டிக் கடித்துத் துப்பியது. ஆகவே முழுவதும் கைத்தையல். துணியும் நூலும் ஒரே நிறம். தைத்த இடம் எது, தைக்காத இடம் எது என்று தெரியாமல் தைத்ததையே இரண்டு தரம் தைத்திருக்கிறேன். பத்து நாளாக மூக்கு துணியில் முட்டியபடி இருந்தேன்.

எட்டிப் பார்த்த மாரிசெல் கேட்டார்: “அக்கா, தைக்கிறீங்களா, கும்பிடுறீங்களா?”

கண்ணாடி முன்னால்

ஜோயல் போட்டுப் பார்த்தான். அக்குளிலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும், மங்கலாக ஒரு பட்டை. பிளவுஸுக்கு விடுகிற மாதிரியே உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத் தைத்திருந்தேன். எங்கள் ஆட்களுக்கு அப்படி விடாவிட்டால் கோபம் வரும். ஊடுதெரிகிற துணி என்பது என் கைக்கு உறைக்கவேயில்லை. அப்போதும் விட்டுக்கொடுக்காமல், “பிறகு தொப்பை வைத்தால் பிரித்துக்கொள்ளலாம்” என்று விளக்கினேன்.

“அன்ரி, வரப்போற தொப்பைக்கு இப்பவே சபையில இடம் போடுறீங்களா?” என்றான்.

கத்தரிக்கோல்

கலியாணத்துக்கு மூன்று நாள். பட்டையை நூலளவு விட்டு வெட்டி, மடித்துத் தைப்பதே வழி. அளவு பிழைத்திருந்தால் பிரித்து விட இனி ஒன்றுமில்லை. ஒரு பக்கம் வெட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். மற்றப் பக்கம் வெட்டிவிட்டுக் குடிக்கவும் தோன்றவில்லை.

ஜோயல் வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். எல்லாம் பூட்டுப்பட்டன. பட்டை இல்லை. மாரிசெல் மகனின் தோளை நீவிவிட்டார். சனிக்கிழமைக் கலியாணம் வரைக்கும் சாப்பாட்டில் கொஞ்சம் கவனம் என்றேன்.

அவன் மூச்சை விடாமலே கேட்டான்: “என்ர கலியாணக் கேக்கில ஒரு துண்டாவது சாப்பிடலாமா, அன்ரி?”

என் அளவு நாடாவை நானே நம்பாமல்தான் இத்தனை வருடமும் உள்ளே இரண்டு அங்குலம் விட்டு வந்திருக்கிறேன் என்பதை, அன்னாசி இலை ஒன்று வந்துதான் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.