சின்ன அடைப்பு

என் வீட்டுக்காரர் தனசேகரன் கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருடமாகக் குமாஸ்தா. ஆனால் சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கில் யாரைக் கேட்டாலும் அவரை மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். குழாய் ஒழுகினாலும் ஃபேன் சுற்றாவிட்டாலும் வெளியாளைக் கூப்பிட விடமாட்டார். "இதுக்குப் போயி ஆளா? வேஸ்ட் லா" என்று ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவார். பாதி சரியாகும். மீதியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஏழாம் மாடி நசீர் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். வண்டியை வைத்து ஓட்ட அரசாங்கம் தரும் பத்து வருட அனுமதியான சிஓஇ அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. புதுப்பித்தால் மேலும் பத்து வருடம் ஓட்டலாம். இல்லையென்றால் வண்டியை உடைக்கக் கொடுக்க வேண்டியதுதான். புதுப்பிப்பதாகத்தான் இருந்தான். அதற்குமுன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வொர்க்ஷாப்புக்குக் கிளம்பியவனை இவர் லிஃப்டிலேயே மடக்கிவிட்டார்.

கார் பார்க்கில் அரை நாள் வேலை நடந்தது. துடைக்கத் துணி கேட்டார். என் பழைய நைட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாளே நசீர் வந்து நின்றான். "அண்ணே, சும்மா நிக்கையில ஓடுது. முறுக்குனா முக்குது. கறுப்பா புகை வேற. ஏத்தத்துல நின்னே போச்சு."

"ஜோகூர் பெட்ரோலா?" என்றார் இவர். வண்டியில் எது கெட்டாலும் பழியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலிவாகப் பெட்ரோல் விற்கும் ஜோகூர்மேல் தள்ளுவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். நசீர் பெட்ரோலை மாற்றினான். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது, அதையும் மாற்றினான். ஒரு நாள்தான் தாங்கியது. "இஞ்சினுக்கு வயசாயிருச்சு நசீர்" என்று இவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"நீங்க கை வெக்கிறதுக்கு முந்தி நல்லாத்தானேண்ணே ஓடுச்சு?"

இவருக்கு வந்ததே கோபம்! "நல்லது செஞ்சதுக்கு இதுவா பேச்சு?" என்று வாசலில் நின்று கத்தினார். நானும் சேர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நசீர் தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் அவன் மனைவி முனீராவைப் பார்த்தேன். "சிஓஇ ரினியூ பண்ணப் போறதில்லக்கா. அவங்க வண்டிய ஒடைக்கக் குடுத்துடப் போறாங்க. வேற வேலை தேடணும்" என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஏழாம் மாடிக்குப் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கினார். நசீர் கூட வரவில்லை. ஒரு மணி நேரத்தில் இவர் திரும்பி வந்தார். மூடிய கையை என் முன்னால் திறந்தார். உள்ளே என் நைட்டித் துணி, கசங்கி, கறுத்துப்போய்.

"தூசி விழக் கூடாதுன்னு காத்துக் குழாய்ல சொருகி வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

காற்று அடைபட்டால் எந்த இஞ்சின் ஏற்றம் ஏறும்? மனுஷனைத் திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"நசீருகிட்ட சொன்னீங்களா?"

"சாவியக் குடுத்து ஓட்டிப் பாக்கச் சொன்னேன். வேற ஒண்ணும் வாயில வரல."

"போயி சொல்லுங்க. இன்னிக்கே."

"சொல்றேன்" என்றார். மத்தியானம் வரை சோஃபாவை விட்டு எழவில்லை.

சாயங்காலம் நசீரும் முனீராவும் வந்தார்கள். முனீரா கையில் ஒரு பாத்திரம் நிறைய பிரியாணி. "புதுசு மாதிரி ஓடுதுண்ணே! புக்கிட் மேரா வரைக்கும் போய்ட்டு வந்தேன். நாளைக்கே ரினியூ பண்ணப் போறேன். என்னதாண்ணே செஞ்சீங்க?"

நான் இவரையே பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

"சின்ன அடைப்புதான்" என்றார்.

நசீர் சட்டென்று அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன். பெரிய தப்பு. மன்னிச்சிருங்கண்ணே."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். பிரியாணிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"பரவால்ல, விடு நசீர்" என்று என் வீட்டுக்காரர் அவனை மன்னித்துவிட்டார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.