நாப்பது எழுத்துக்குக் குறையாம ஒரு காரணம்

எங்க ஆபீஸ் மூணாவது மாடியில, லிஃப்ட்ட விட்டு இறங்கினதும் இடது பக்கம், ஏசி காத்து நேரா மண்டையில அடிக்கிற இடத்துல ஒரு மேசை இருக்கு. வேற யாராவது அங்க ஒரு வாரம் உக்காந்தா மூக்கு ஒழுகிரும். ஸ்கேன் அக்கா ஆறு வருஷமா அங்கதான் உக்காந்திருக்காங்க. கழுத்துல பச்சை மஃப்ளர், கைப்பக்கத்துல ஆறிப்போன டீ, கண்ணு ஸ்க்ரீன்ல.

ஆஸ்பத்திரிங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுற கம்பெனி எங்களோடது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்துங்கறது எல்லாம் அதுக்குள்ள இருக்கும். அதனால கோடுன்னு நாங்க எழுதுற ஒவ்வொரு புரோகிராமையும் வெளிய விடுறதுக்கு முன்னாடி, திருடன் நுழையுற மாதிரி ஓட்டை ஏதாவது இருக்கான்னு பாத்தாகணும். அதைப் பாக்குறது மனுஷங்க இல்ல. கிளவுட்னு சொல்றோமே, எங்கயோ ஒரு ஊர்ல ஓடிட்டிருக்குற வாடகை கம்ப்யூட்டர், அதுதான் பாக்கும். அப்பிடிப் பாக்குறதுக்குப் பேருதான் ஸ்கேன். அதுக்கு "இந்தக் கோட பாரு"ன்னு ஒரு ஃபார்ம் நிரப்பி அனுப்பணும். அதை அனுப்புற உரிமை ஆபீஸ்லயே ஒரே ஒருத்தருக்குத்தான். நம்ம அக்காவுக்கு.

அந்த ஃபார்ம்ல அவசரம்னு ஒரு கட்டம். சாதாரணம், அவசரம், மிக அவசரம்னு மூணு இருக்கும். மிக அவசரம் போட்டா மத்ததையெல்லாம் தாண்டி நம்மது முன்னாடி போயிரும். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மேசைமுன்னாடி நடக்குற கூத்து இருக்கே!

எங்க மேனேஜர் வருவார். ஜலதோஷம் பிடிச்ச மைக் மாதிரி குரல். "அம்மா, கொஞ்சம் மனசு வைங்கம்மா. கஸ்டமர் என் கழுத்துமேலயே ஏறி உக்காந்திருக்கான்."

"எல்லாருக்கும் கழுத்து இருக்கு சார். வரிசையில வாங்க."

டேட்டாபேஸ் பாக்குற அண்ணன் வருவார். எதைச் சொன்னாலும் துக்கம் விசாரிக்கிற மாதிரியே சொல்லுவார். "இன்னிக்குப் போகலன்னா... என்னைப் பாக்கவே முடியாது தங்கச்சி..."

"நாளைக்கு லீவா? சரி, போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போங்கண்ணா, பாத்துக்கிறேன்."

யாரு வந்தாலும், எந்தக் குரல்ல அழுதாலும் அக்கா போடுறது சாதாரணம்தான். ஆறு வருஷத்துல ஒருதடவைகூட மிக அவசரம் போட்டதில்லைன்னு ஆபீஸே சொல்லும்.

அந்தக் கட்டத்துக்குக் கீழ இன்னொரு கட்டம் இருக்கு. காரணம். எதுக்கு ஸ்கேன் கேக்குறோம்னு எழுதணும். நாப்பது எழுத்துக்குக் குறைஞ்சா ஃபார்ம் நகராது, செவப்பா முறைக்கும். ரிப்போர்ட் மெயில்ல வரும்போது மேல அந்தக் காரணம் இருக்கும், ஓட்டைப் பட்டியல் தனியா இணைப்பா இருக்கும். எல்லாரும் நேரா இணைப்புக்குத்தான் போவாங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல, எது எங்க இருக்குன்னு தெரியாம மெயில முழுசா படிச்சுட்டேன்.

"மருந்துச் சீட்டு பகுதி, சின்ன திருத்தம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கறுப்புக் கண்ணாடியோட ஹீரோ மாதிரி சுத்துறாங்க."

அடுத்தது, "லேப் ரிப்போர்ட் பகுதி, ரெண்டாவது தடவை. எதிர்வீட்டு நாய் இப்பல்லாம் என்னைப் பாத்துக் குரைக்கிறதில்ல. அதுக்கும் வயசாயிருச்சு போல."

போன மழைக்கு வந்தது, "அப்பாயின்ட்மென்ட் பகுதி, புது வெர்ஷன். பஸ்ல குடைய விட்டுட்டு இறங்கிட்டேன். பைய தலையில வச்சுக்கிட்டு வீடு வரைக்கும் ஓட்டம்."

நேரா போய், "அக்கா, குடை கிடைச்சுதா?"ன்னு கேட்டேன்.

அக்கா டீய கீழ வச்சாங்க. "ஏ ரேடியோ, அதையெல்லாமா படிக்கிற?" எல்லார் குரல்லயும் பேசிக் காட்டுறதால எனக்கு அவங்க வச்ச பேரு அது.

"படிக்கத்தானேக்கா எழுதுறீங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னுதான் எழுதுறேன்"னாங்க.

மீதிக் கதைய சாப்பாட்டு நேரத்துல துண்டு துண்டா சொன்னாங்க. டப்பாவைத் திறந்தா ஒரு துண்டு, மூடினா நின்னுரும்.

இந்த ஸ்கேன் சமாச்சாரத்த இந்த ஆபீசுக்குக் கொண்டுவந்ததே அக்காவோட கூடப்பிறந்த அண்ணன்தான். அவன்தான் கிளவுட்ல கணக்கு திறந்து, ஃபார்ம் பண்ணி, எல்லாம் அமைச்சு வச்சான். நாப்பது எழுத்து ரூலும் அவன் வச்சதுதான். ஏன்னா வீட்ல தங்கச்சிகிட்ட என்ன கேட்டாலும், "ஏன் அழுவுற?", "சும்மா." "ஏன் சிரிக்கிற?", "சும்மா." "இந்த ஃபார்ம்லயும் சும்மான்னு எழுதிட்டுப் போயிருவ, எனக்குத் தெரியாதா"ன்னு சொல்லித்தான் அந்தக் கட்டத்த வச்சானாம். அப்புறம் அந்த வேலைக்கு ஆள் எடுத்தப்போ தங்கச்சியையே கொண்டுவந்து உக்கார வச்சான்.

முதல் வாரம். அக்காவுக்கு வந்த முதல் பெரிய கோடே அண்ணன் எழுதினது. ரிப்போர்ட்ல ஒரு பெரிய ஓட்டை. பாஸ்வேர்ட தனியா பூட்டி வைக்காம, கோடுக்குள்ளயே எழுதி வச்சிருந்தான். அதுலயும் என்ன பாஸ்வேர்டு? சில்வண்டு. வீட்ல தங்கச்சிய அவன் கூப்பிடுற பேரு.

ரிப்போர்ட்ட யாருக்கு அனுப்பணும்னு ஃபார்ம் கேட்டுது. எழுதினவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? புது வேலை. ரூல் புத்தகத்துல பெரிய ஓட்டைன்னா எல்லாருக்கும்னு போட்டிருந்துது. அக்கா எல்லாருக்கும்ங்கறத அமுக்கினாங்க. முதலாளியிலிருந்து கஸ்டமர் வரைக்கும் போயிருச்சு.

அப்புறம் அவன் எந்த ரூமுக்குள்ள நுழைஞ்சாலும் யாராவது ஒரு மூலையிலிருந்து சில்வண்டு மாதிரி 'ஙொய்ய்ய்'னு சத்தம் குடுப்பாங்க. கஸ்டமர் மீட்டிங்லகூட ஒருத்தன் குடுத்தான். கைக்கு வந்த ப்ரமோஷன் வேறொருத்தனுக்குப் போச்சு. வீட்ல வந்து அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "பத்தடி தூரத்துல உக்காந்திருந்தேனே. எந்திரிச்சு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதுக்கு நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ரூல் புத்தகத்த எடுத்துக் காட்டினேன்." அக்கா டப்பாவ மூடினாங்க.

ஒரு மாசத்துல அவன் வேலைய விட்டான். வேற நாடு, வேற நம்பர். ஞாயித்துக்கிழமை காலையில அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவான். ஃபோன் வந்ததும் அக்கா சமையல்கட்டுல குழாய மூடிருவாங்க, மிக்ஸிய நிறுத்திருவாங்க. ஸ்பீக்கர்ல அவன் குரல் கேக்குற வரைக்கும் கையில கரண்டியோட அப்பிடியே நிப்பாங்க. ஆரம்பத்துல ஒருதடவை அக்கா ஃபோன வாங்கி "அண்ணா"ன்னாங்க. அந்தப் பக்கத்திலிருந்து அவன், "அம்மாகிட்ட குடு." அதுக்கப்புறம் வாங்கல.

ஆனா அவன் வச்சிட்டுப் போன கட்டம் தினமும் ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அக்கா தினமும் அதுக்கு பதில் எழுதிக்கிட்டே இருந்தாங்க.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை, பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு எங்களை சோதனை போட ஒரு ஆடிட்டர் அம்மாவ அனுப்பிச்சுது. சத்தமே போடாம பேசுறவங்க. அந்தம்மா குரல எடுக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, அவ்வளவு மெதுவு. அக்கா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா திறந்து பாத்துட்டு வந்தவங்க, ஒரு இடத்துல நின்னுட்டாங்க.

"ரிப்போர்ட் ஒண்ணு எழுதினவருக்குப் போகுது. ஒண்ணு கம்பெனி ஆவணக் காப்பகத்துக்குப் போகுது. இந்த மூணாவது முகவரி யாரோடதும்மா? கம்பெனி முகவரி மாதிரி தெரியலயே."

அக்கா பாத்தாங்க. மஃப்ளர் நுனிய விரல்ல சுத்த ஆரம்பிச்சாங்க.

"எங்கண்ணனோடது. சொந்த மெயில். கணக்கு திறக்கும்போது குடுத்திருப்பான் போல. இது இங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

மேனேஜர் நாற்காலியே இல்லாத இடத்துல உக்காரப் போனார். "அய்யய்யோ! ஆறு வருஷமா நம்ம ஓட்டையெல்லாம் ஒரு வெளியாளுக்குப் போயிட்டிருக்கா? ஊரு ஓட்டையத் தேடுற இடத்துலயே ஓட்டையா?"

"நீங்க இந்த முகவரிப் பட்டியல திறந்து பாக்கலயா?" ஆடிட்டர் அம்மா அக்காகிட்ட கேட்டாங்க.

"இல்லைங்க. வருஷா வருஷம் பாக்கணும்னுதான் ரூல். அவன் அமைச்சு வச்சது எதையும் நான் தொட்டதே இல்ல. என் தப்புதான்."

ஆடிட்டர் அம்மா வேற ஒரு பக்கத்த திறந்தாங்க. அந்த முகவரிக்குப் போன மெயிலெல்லாம் வரிசையா நின்னுது. ரொம்ப நேரம் உருட்டினாங்க.

"ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம் போயிருக்கு. முதல் ரெண்டு மாசம் திறக்கல. அதுக்கப்புறம் வந்த எல்லாத்தையும் திறந்திருக்கார். கடைசியா இன்னிக்குக் காலையில."

"போச்சு!"ன்னார் மேனேஜர்.

"இருங்க சார். ஓட்டைப் பட்டியல் இணைப்பாத்தானே போகுது? அதை ஒருதடவைகூட இறக்கலை. மேல இருக்குற ரெண்டு வரிய மட்டும் படிச்சுட்டு மூடியிருக்கார்." அந்தம்மா கண்ணாடிய கழட்டினாங்க. "அந்த ரெண்டு வரியில அப்பிடி என்னம்மா இருக்கும்?"

நான்தான் சொன்னேன். "கண் ஆபரேஷன், எதிர்வீட்டு நாய், குடை."

யாரும் சிரிக்கல.

ஆடிட்டர் அம்மா நோட்ல ஏதோ எழுதினாங்க. "இதை நான் குறையாத்தான் போடுவேன். விட முடியாது. நான் கிளம்புறதுக்குள்ள இந்த முகவரிய எடுத்திருங்க."

"இப்பவே எடுங்கம்மா, இப்பவே!"ன்னு மேனேஜர் குதிச்சார்.

அக்கா மவுஸ்மேல கை வச்சாங்க. கை அங்கயே இருந்துது. அப்புறம் திரும்பி ஆடிட்டர் அம்மாவப் பாத்தாங்க. "எடுத்துர்றேங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஸ்கேன். அது போயிட்டா எடுத்துர்றேன்."

"எந்தக் கோடு?"

"ஏ ரேடியோ, ஒரு வாரமா மிக அவசரம், மிக அவசரம்னு உயிர வாங்கினியே, என்ன கோடு அது?"

எனக்கே வெக்கமாப் போச்சு. "மீட்டிங் ரூம் புக் பண்ற பக்கம்க்கா."

"அதுல நோயாளி விவரம் எதுவும் இல்லையே?" ஆடிட்டர் அம்மா என்னைக் கேட்டாங்க.

"யாரு எந்த ரூம்ல எத்தனை மணிக்கு தூங்கப் போறாங்கங்கறதுதாங்க இருக்கு."

அந்தம்மா மேனேஜரப் பாக்கல, கடிகாரத்தப் பாத்தாங்க. "சரி, போகட்டும்."

அக்கா ஃபார்ம திறந்தாங்க. பகுதி, பேரு, வெர்ஷன் எல்லாம் கை தானா நிரப்பிருச்சு. காரணம்ங்கற கட்டத்துக்கு வந்ததும் நின்னுது. தினமும் தட்டுற விரலு, ஒரு எழுத்து அடிக்கும், ரெண்டு எழுத்து அழிக்கும். நான் பின்னாடிதான் நின்னேன். பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். பாத்துட்டேன்.

"அண்ணா, இது சில்வண்டு. அன்னிக்கு எந்திரிச்சு பத்தடி நடந்து வந்திருக்கணும். வரல, தப்பு என்மேலதான். நாளையிலிருந்து உனக்கு இது வராது."

அப்புறம் மேல போனாங்க. அவசரம்ங்கற கட்டம். சாதாரணம்னு நின்னுது. அதை அமுக்கி, மிக அவசரம்னு மாத்தினாங்க.

"அட, அதுல அந்த பட்டன் வேலை செய்யுதா!"ன்னு டேட்டாபேஸ் அண்ணன் அங்கிருந்து முனகினார்.

பதினோரு நிமிஷம் ஆச்சு. யாரும் எடத்த விட்டு நகரல. ரிப்போர்ட் வந்துது. மீட்டிங் ரூம் பக்கத்துல மூணு ஓட்டையாம், அதை அப்புறம் பாத்துக்கலாம். மூணு முகவரிக்கும் போயிருச்சுன்னு காட்டுச்சு. அக்கா பட்டியல திறந்து, மூணாவது முகவரிமேல கைய வச்சு, நீக்குங்கறத அமுக்கினாங்க. பட்டியல் ரெண்டு வரியாச்சு.

சாயங்காலம் போகும்போது அக்கா என்கிட்ட, "படிச்சானா இல்லையான்னுகூட இனிமே காட்டாதுல்ல?"ன்னு கேட்டாங்க. காட்டாதுக்கா, முகவரிய எடுத்துட்டா அந்தப் பக்கமும் போயிரும்னேன். "அதான் கேட்டேன்"னாங்க.

வெள்ளி, சனி ஓடுச்சு. திங்கக்கிழமை நான் லிஃப்டுக்குக்கூட நிக்கல, படியிலயே ஏறிட்டேன். அக்கா வந்தாச்சு. நாற்காலி முதுகுல புத்தம்புது குடை ஒண்ணு தொங்குது, விலைச் சீட்டுகூட கிழிக்கல.

"என்னக்கா? நேத்து ஃபோன் வந்துதா?"

"வந்துது."

"பேசினாரா?"

"அம்மாகிட்டதான். வழக்கம்போல மருந்து சாப்டியா, கால் வீக்கம் வத்துச்சான்னு கேட்டான். நான் குழாய மூடிட்டு நின்னேன். என்னைக் கேக்கவேயில்ல. சரி, வைக்கட்டுமான்னு கேட்டுட்டான். அம்மாவும் சரிப்பான்னாங்க." அக்கா மஃப்ளர இறுக்கிக்கிட்டாங்க. "வைக்கல. அப்புறம் கேக்குறான், 'ஏம்மா, சில்வண்டு குடை வாங்கிட்டாளா?'"

எனக்கு எந்தக் குரலும் வரல.

"அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. குடையா, எந்தக் குடைடான்னு கேக்குறாங்க. திரும்பி என்னைப் பாத்து, நீ குடை வாங்கிட்டியான்னு சைகையில கேக்குறாங்க. இந்தக் குடைய நான் சனிக்கிழமையே வாங்கிட்டேன். கதவுக்குப் பின்னாடி தொங்கிட்டிருக்கு, அம்மா கண்ணுக்குத் தெரியல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் வாங்கலன்னு சொல்லச் சொன்னேன்."

"ஏங்கா? வாங்கிட்டீங்களே!"

"வாங்கிட்டேன்னா கேள்வி முடிஞ்சிருமே." அக்கா ஸ்க்ரீன் பக்கம் திரும்பினாங்க. "வாங்கலன்னா அடுத்த ஞாயித்துக்கிழமையும் கேப்பான்ல. சரி, உன் மூணு ஓட்டையையும் அடைச்சிட்டியா? கொண்டா, ஸ்கேன் போடுறேன்."

"மிக அவசரம்க்கா."

"சாதாரணம்"னு சொல்லி அமுக்கினாங்க.