தினச்சீட்டை நிறுத்திய எல்லப்பன்

தோணிரேவு மீனவர் எல்லப்பனை அறிந்தவர்களுக்கு எழுதுகிறேன். வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது.

1. அவர் இறந்த செய்தி வந்த விதம்.
2. படகுக்குறி அவருடைய யோசனை என்பது.
3. அதனால் என் பிழைப்பு குலைந்தது.
4. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது.

நேற்று முன்தினம் அவருடைய மூத்த மகன் ஈர வேட்டியோடு வந்து நின்றான். "நைனா பூட்டாரு. எழுத்துக்காரருக்கு மொதல்ல சொல்லுன்னாரு" என்றான். அவனை உட்காரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒல்லாந்தர் கோட்டையில் நான் அனுமதிச் சீட்டு எழுதினேன். கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் தினமும் ஓர் ஓலை: ஊர், படகு, உடையவன் பெயர். நேற்று எழுதியதையே இன்றும் எழுதுவேன். அவசரப்பட மாட்டேன். கடைசி ஓலையை நீட்டும்போது பாயைத் தள்ளும் கரைக்காற்று நின்றிருக்கும். பின்வரிசைக்காரர்கள் துடுப்புப் போட்டே போவார்கள்.

ஒரு நாள் பின்வரிசையில் நின்ற எல்லப்பன் கேட்டார்: "இன்னா எழுத்துக்காரரே, தினம் இதையே எழுதறீங்க. மறதி ஓலைக்கா, உங்களுக்கா?"

வரிசை சிரித்தது. நான் அடுத்த ஓலையிலும் அதையே எழுதினேன்.

அவர் மொழிபெயர்க்கத் துபாஷியைக் கூட்டிக்கொண்டு கோட்டைத் துரையிடம் போனார். "படகு மாறல, ஊரு மாறல. ஒரு தபா முகப்புல சூடு வெச்சுட்டா போதும்" என்றார். துரை ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் எல்லாப் படகிலும் இரும்பால் சுட்ட குறி ஏறியது. வார முடிவோடு வேலை இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று துபாஷி என்னிடம் சொன்னார்.

வாழ்நாளில் ஒரே முறை குரலை உயர்த்தினேன். "என் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், எல்லப்பா."

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "அத்த நான் நெனைக்கல."

மறுநாள் நண்டு பிடிக்கும் பாப்பம்மாளை அழைத்து வந்தார். அவள் மகன் பஞ்சத்தில் கப்பலேறி, கடல் தாண்டி ஒல்லாந்தரின் பத்தாவியா போயிருந்தான். "இவளுக்கு ஓலை எழுதுங்க. இதுக்கு சூடு வைக்க முடியாது." துரையிடமும் அதையே சொல்லி, கப்பலில் போகும் ஓலைகளை எழுதும் வேலையை எனக்கு வாங்கித் தந்தார்.

பாப்பம்மாளுக்கு எழுதிய முதல் ஓலையை, எழுத்தறியாத அவர் படிக்கச் சொல்லிக் கேட்டார். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியிருந்தேன்.

"எல்லாருக்கும் இதானே எழுதுவீங்க? அவ இன்னா சொன்னா?"

"கூரை ஒழுகுது, நீ வந்துதான் மேயணும், வேற ஆளை ஏத்த மாட்டேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். புது ஓலை எடுத்து அதை எழுதினேன். பதில் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கப்பலுக்கும் அவள் வந்தாள். ஒவ்வொரு முறையும் வேறு சொன்னாள்.

இன்றும் எழுத்தாணியை எடுக்குமுன், இதை முன்பே எழுதிவிட்டேனா என்று பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

மேலே மூன்றாவதாகக் கீறியது தவறு. இருபது ஆண்டுகளாக என் வீட்டில் ஐந்து பேரும் அந்த ஓலைகளால்தான் சாப்பிட்டோம்.