பறிக்காமல் விட்ட பூக்கள்

சரணாலயத்து வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேல். தாமரை இலையின்மேல் நீண்ட வாலோடு ஒரு தாமரைக்கோழி, அதன் காலடியில் நான்கு முட்டைகள். கீழே 'பறவைகளைக் காப்போம்' என்று எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கல்லெடுத்து எறியத் தோன்றும். எறிந்தால் வேலை போகும். வேலை போவது எனக்குப் புதிதல்ல. எறியாததற்குக் காரணம் வேறு. அந்தப் படத்தை எடுத்தவனுக்கு வழி காட்டியவன் நான்.

ஒன்பதாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. புதுக்கடைச் சந்தையில் மூட்டை தூக்கிச் சுமடு எடுத்தேன். தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பெட்டி ஏற்றினேன். கல்ஃபில் இரண்டு வருடம் சாரம் கட்டினேன். திரும்பி வந்து ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குக் காவல் இருந்தேன். எதிலும் நிலைக்கவில்லை. இந்தச் சரணாலயக் குளத்துக்குத் தற்காலிக வாச்சராக வந்து இது மூன்றாவது வருடம். கரையைச் சுற்றி நடக்க வேண்டும். நடப்பதற்குச் சம்பளம் என்றால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

குளத்தில் தாமரை பறிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். லாரி ட்யூபின்மேல் பலகை கட்டி உட்கார்ந்து, வெயில் ஏறுமுன் பறித்து, தோவாளைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார். தண்டின் முள் கிழித்து முன்னங்கை இரண்டும் தழும்பு.

தாமரைக்கோழி கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. மிதக்கிற இலையின்மேல் நாலு சருகு, அதில் முட்டை. பெட்டை இட்டுவிட்டுப் போய்விடும், அடைகாப்பது சேவல். முட்டை கண்ணில் பட்டால் பூக்காரர் அந்தப் பக்கம் ட்யூபைக் கொண்டுபோக மாட்டார். சுற்றி நிற்கிற இருபது முப்பது பூவையும் தொடமாட்டார். நிமிர்ந்து நிற்கும் இலைகள்தான் முட்டைக்குக் கூரை. குஞ்சு இறங்கிப் போகும்வரை அங்கே பூ விரிந்து, உதிர்ந்து, காயாகும். ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு மொட்டுக்கு அடிபிடி நடக்கும்போதும் அப்படித்தான். எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வனத்துறை அலுவலகத்தில் கேட்டால், அவரால்தான் பறவைக்குத் தொந்தரவு என்பார்கள்.

கரையில் நின்று பார்த்தால் காய்த்த தாமரை மட்டும் ஒரு திட்டாகத் தெரியும். அங்கே கூடு. இது தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். "வெளிய சொல்லாண்டாம் மக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

போன ஆவணியில் ஒருவன் வந்தான். கை நீளத்துக்குக் கேமரா, பையில் அனுமதிச் சீட்டு. என்னை 'சார்' என்றான். அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் சொன்ன பறவைப் பெயர்களையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டான். கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டான். சொன்னேன். கையை நீட்டித் திட்டையும் காட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. கூட்டம் வரும் என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவன் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, காற்றடைத்த படகொன்றை மறுகரையில் இறக்கியிருக்கிறான். மதியம் நான் போய்ப் பார்த்தபோது ஆட்கள் இல்லை. திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் பளபளத்தது. படத்துக்குக் குறுக்கே வருகிறதென்று நிமிர்ந்த இலைகளையெல்லாம் அறுத்துத் தள்ளியிருந்தார்கள். நடுவில் ஒற்றை இலை, அதில் இரண்டு காகம். சேவல் கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறந்தது. கல் எறிந்தேன். காகங்கள் எழுந்தன, திரும்ப இறங்கின. தண்ணீரில் குதித்து நான் போய்ச் சேரும்போது முட்டையோட்டுச் சில்லும் மஞ்சள் கறையும்தான் மிச்சம். தொடையை முள் கிழித்தது கரையேறின பிறகே தெரிந்தது.

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒருவர் சிவப்பு மையில் என் எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். முறையாகச் சீட்டு வாங்கி வந்தவர் மேல் என்ன நடவடிக்கை என்றார் மற்றவர். முட்டையைத் தின்றது காகம்தானே, காகத்தின்மேல் கேஸ் போடலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சில மாதம் கழித்து அந்தப் படமே பலகையாக வந்து நின்றது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் அறுபட்ட தண்டுகள் தெரியும். உற்றுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

பூக்காரரிடம் மறுநாள் காலையிலேயே ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ட்யூபை விட்டு இறங்காமலே கேட்டார்.

"நீயாக்கும் காட்டிக் குடுத்தது?"

"ஆமா அண்ணாச்சி."

"சார்னு கூப்பிட்டானோ?"

நான் தலையாட்டினேன். அவர் கரையேறிப் பூக்கட்டைத் தூக்கினார்.

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லும் சாரே. பூ போவணும்."

அதோடு 'மக்கா' என்று கூப்பிடுவது போயிற்று. அன்றிலிருந்து அவர் வாயில் நான் சார்தான். அடித்திருந்தால் வலி இரண்டு நாளில் போயிருக்கும்.

இந்த வருடம் ஆனியில் ஒரு திட்டு தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஆடி முடியுமுன் பதினொன்று. இந்தக் குளத்தில் அத்தனை கூடு கிடையாது. கூடு இல்லாத இடங்களிலும் அவர் பூவை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். ஓணத்துக்குப் போக வேண்டிய பூ அத்தனையும் தண்ணீரில் உதிர்கிறது. அந்த நஷ்டம், சீட்டுக் கொடுத்த அலுவலகத்துக்கும் இல்லை, கேமராக்காரனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

எதில் முட்டை இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

"நீரு வாச்சருல்லா சாரே. எல்லாத்தையும் பாத்துக்கிடும்."

பார்த்துக்கொள்கிறேன். பதினொன்றையும் சுற்றி நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கச் சொன்னால் முடியாது என்கிறேன். நேற்று ஒருவர் பலகையின் முன்னால் படம் எடுத்துவிட்டு, கழுத்தில் கேமரா தொங்க, கரைமேல் ஏறி என்னிடம் வந்தார். இந்தக் கூடு எங்கே இருக்கிறது சார் என்று கேட்டார். அந்தக் கேமராவைப் பிடுங்கிக் குளத்தில் எறியக் கை துடித்தது. தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.